பூ வைத்துக்கொண்டு சாவடிக்கு வந்த மதினிக்கு

மதினி,

இன்று காலை திருமங்கலத்தில் பேரையூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். யுத்தம் முடிந்தும் இந்தக் கரி பஸ்கள் இன்னும் ஒழியவில்லை. பஸ்ஸின் பின்னால் தொங்கும் அடுப்பில் கரியைக் கொட்டிவிட்டு, காற்றடிக்கும் சக்கரத்தைக் கிளீனர் சுற்றிக்கொண்டே இருந்தான். புகை சுருண்டு கிளம்பியதும் நின்றிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் நகரவில்லை. கப்பலில் நாங்கள் அள்ளிப் போட்டது நிலக்கரி, இது வெறும் விறகுக் கரி. ஆனாலும் காய்ந்த இரும்பின் மேல் கரித்தூள் பட்டதும் எழுகிற முதல் நெடி இரண்டுக்கும் ஒன்றுதான். அண்ணன் முதல் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டையில் இருந்ததும் அந்த நெடிதான். நீங்கள் அந்தச் சட்டையைக் கண்மாயில் அடித்துத் துவைத்தீர்கள். காயப்போட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் துவைத்தீர்கள். கடைசியில் சலித்துப்போய், "இது போகாது தம்பி. உங்கண்ணனுக்குப் புதுசா ஒரு தோல் முளைச்சிருக்கு" என்றீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊரில் உங்களைப் பற்றி இன்னும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். புருஷன் செத்த சேதி வந்த பிறகும் பூ வைத்துக்கொண்டு திரிந்தவள் என்று ஒரு பேச்சு. கப்பல் ஏஜெண்டை நடுச்சாவடியில் மடக்கியவள் என்று ஒரு பேச்சு. எவரும் பாதிக்கு மேல் சொல்வதில்லை. முழுவதும் கூட இருந்து பார்த்தவன் நான். உங்களுக்கே தெரிந்த கதையை உங்களிடம் சொல்வது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் சொல்கிறேன். உங்களை யாரும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது.

ஏஜெண்டு முதன்முதலில் நம் ஊருக்கு வந்தது மழை பொய்த்த வருஷம். பருத்தி ஒரு சாண் வளர்ந்து அப்படியே கருகி நின்றது. கோட்டுப் போட்ட ஓர் ஆள் பேரையூர்ப் பக்கத்து மானாவாரி ஊர்களில் சாவடி சாவடியாக உட்கார்ந்து கப்பலுக்கு ஆள் கேட்கிறார் என்றதும் ஊரே கூடிவிட்டது. கடலைக் கண்ணால் பார்த்திராத நம்மிடம் எதற்குக் கேட்கிறீர்கள் என்று பெரியப்பாதான் கேட்டார். நம் தெருவுக்குப் பெரிய தலை அவர். அவர் பேச்சைத் தாண்டி அப்போது யாரும் எதுவும் செய்வதில்லை.

ஏஜெண்டு சிரித்தார். "கடக்கரைக்காரன் காத்துல வளர்ந்தவன்யா. அவனைக் கப்பலுக்கு அடியில, நெருப்பு முன்னால நிறுத்துனா ஒரு நாள் தாங்கமாட்டான். நீங்க இந்த வெயில்ல நின்னு இந்தக் காட்டைக் கொத்துறீங்க பாருங்க. உங்க உடம்புதான் எனக்கு வேணும்."

அண்ணன் போகிறேன் என்றார். நீங்கள் தடுக்கவில்லை. பெண்கள் நின்ற ஓரத்திலிருந்து ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அவுக போற கப்பலுக்குப் பேரு என்னங்க?"

"பேரு தெரிஞ்சு என்ன செய்யப் போற தாயி? நீயா ஓட்டப் போற?"

சாவடியே சிரித்தது. அண்ணன்கூடச் சிரித்தார். நீங்கள் மட்டும் ஏஜெண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

முதல் பயணம் முடிந்து அண்ணன் திரும்பியதும் கடல் எப்படி இருக்கும் என்று நான் அவரைத் துளைத்தெடுத்தேன். "நான் எங்கடா பார்த்தேன்?" என்றார். "இரும்புக்குள்ள இருக்கேன். கரியை அள்ளிப் போடணும், சாம்பலை இழுத்துத் தள்ளணும். மேல ஏறி வந்தா காலு நடுங்கும், அப்படியே விழுந்து தூங்கிருவேன். கரை இறங்குறப்பதான், அட, இம்புட்டுத் தண்ணிக்கு மேலயா கெடந்தோம்னு தெரியும்." அவர் கைகளில் முழங்கைக்குக் கீழே ஒரு மயிர் மிச்சமில்லை. நீங்கள் அந்தக் கைகளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "போதும், இனிமே போக வேண்டாம்" என்றீர்கள். அவரும் சரி என்றார்.

இந்த இடத்தை யாரும் சொல்வதில்லை, மதினி. அண்ணன் இரண்டாம் முறை ஆசைப்பட்டுப் போகவில்லை. அப்போது யுத்தம் தொடங்கியிருந்தது. கப்பல்கள் முங்குகின்றன என்ற பேச்சு துறைமுகத்து ஊர்களில் பரவி, அங்கே ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய ஆட்களை விடாமல் வைத்துக்கொள்ள ஏஜெண்டு ஒரு வழி வைத்திருந்தார். தம் கையால் கப்பல் ஏறிய ஒருவன் மறுபயணம் வரமாட்டேன் என்றால், அந்த ஊரிலிருந்து வேறு எவனையும் எடுக்கமாட்டார். அதைச் சாவடியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிரட்டுகிற வேலையை நம் ஊரே பார்த்துக்கொண்டது. "நீ போகலைன்னா எங்க பயலுக்கும் கப்பல் இல்லைன்னுட்டான்ப்பா" என்று தினமும் யாராவது நம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பாவின் மகனும் கப்பலுக்குக் காத்திருந்தான். அந்த வாரமே அண்ணன் துணிகளை மடித்து வைத்தார்.

மதுரை ரயிலடியில் வண்டி நகர்ந்தபோது நீங்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தீர்கள். "கப்பல் பேரைக் கேட்டுச் சொல்லி விடுங்க" என்றீர்கள். பம்பாயிலிருந்து அந்தப் பெயரோடு ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ரயிலடிக்கு எதிரே ஒரு சத்திரத்து மாடியில் ஏஜெண்டு தங்கியிருந்தார். நீங்களும் நானும் போய்க் கேட்டோம். பிறகும் போய்க் கேட்டோம். "யுத்த காலம் தாயி. கப்பல் எங்க நிக்குதுன்னு எனக்கே சொல்லமாட்டாங்க. ஆனா உன் புருசன் நல்லா இருக்காரு" என்றார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. படியிறங்கும்போது நீங்கள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "எங்க இருக்காகன்னே தெரியாதவருக்கு, நல்லா இருக்காகன்னு எப்படித் தம்பி தெரியும்?"

காதர் பாய் வந்தது அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். மதுரையில் பள்ளிவாசலை ஒட்டிய தெருக்காரர். அண்ணன் இருந்த கப்பலில் சமையற்காரர். பேரையூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். ஒரு காதின் ஓரம் வெந்து சுருங்கிப்போயிருந்தது. நீங்கள் கொடுத்த மோரைக் கையில் வாங்கினாரே தவிர, குடிக்கவில்லை.

"தங்கச்சி, நான் மேல அடுப்படியில இருந்தேன். உன் வீட்டுக்காரரு கீழ இருந்தாரு. வெடிச்சதும் கப்பல் ஒருபக்கமா சாஞ்சிருச்சு. மேல இருந்தவங்க படகுல ஏறுனோம். கீழ இருந்தவங்க யாரும் வரல." மோரைத் தரையில் வைத்தார். "வெளிய சொன்னா இனிமே எனக்குக் கப்பல் இல்லைன்னு ஏஜெண்டு சொல்லிட்டாரு. சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்கல தங்கச்சி."

அம்மா அந்த இடத்திலேயே சரிந்து விழுந்தாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்தேன். நீங்கள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டீர்கள். "அண்ணே, இது அந்த ஏஜெண்டுக்கு எப்பத் தெரியும்?"

"எங்களுக்கு முன்னாலயே தெரியும்மா. நாங்க கரை ஏறுறதுக்குள்ள அவருக்குத் தந்தி வந்துருச்சு."

நாம் சத்திரத்து மாடியில் நின்றபோது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் நல்லா இருக்காரு என்றார்.

மறுநாள் பெரியப்பா வந்தார். அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள் வெள்ளைச் சேலையோடு வந்து நின்றார்கள். "உடம்பு கெடைக்காட்டியும் செய்ய வேண்டியதைச் செஞ்சிரணும்த்தா" என்றார்.

"செய்வோம் மாமா. இப்ப இல்ல. அவுகளைக் கப்பல் ஏத்துனவன் இந்த ஊருக்கு வந்து, எல்லாரும் இருக்கிற எடத்துல, வாயால சொல்லட்டும். அன்னைக்கு எல்லாத்தையும் கழட்டுறேன்."

"அப்ப பாய் பொய்யா சொல்றாரு?"

"பாய் சொன்னது சத்தியம். ஆனா நான் இங்க மூலையில உக்காந்து அழுது முடிச்சுட்டேன்னா, அவன் மதுரையில உக்காந்து அடுத்த கப்பலுக்கு ஆள் நெரப்புவான். உங்க மகனையும் சேத்துத்தான் மாமா. அவுக செத்ததை அவன் மறைக்கிறான். நானும் சேந்து மறைக்கணுமா?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். நீயாவது உன் மருமகளுக்குச் சொல் என்று அம்மாவிடம் திரும்பினார். படுத்துக் கிடந்த அம்மா தலையைத் தூக்கினாள். "எம் மகனுக்கு நான் அழுதுக்கிறேன். அவ எப்ப அழுகணும்னு அவ முடிவு பண்ணட்டும்." மாமியாரும் மருமகளும் அதுவரை ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அந்த மாதங்களில் நீங்கள் பட்டதை இன்று உங்களைக் குறை சொல்பவர்களில் ஒருவர் பட்டிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பார். நீங்கள் கிணற்றடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். கல்யாண வீட்டில் உங்களுக்குக் குங்குமம் நீட்டுவதா வேண்டாமா என்று தட்டோடு தடுமாறினார்கள். பிறகு நீங்களாகவே கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். பூக்காரி நம் வாசலில் நிற்காமல் போனாள். நீங்கள் கொல்லையில் இருந்த கனகாம்பரத்தைப் பறித்துத் தொடுத்துக்கொண்டீர்கள். அதைத் தலையில் செருகி, எடுத்து, மறுபடியும் செருகுவீர்கள். நான் பார்ப்பது தெரிந்து ஒருநாள் சொன்னீர்கள். "முள்ளுல நடக்கிற மாதிரி இருக்கு தம்பி. ஆனா நடந்துருவேன்."

ஏஜெண்டு வந்தார். நம் வீட்டில் ஒப்பாரி கேட்காததால்தான் வந்தார். காரியம் நடந்திருந்தால் சேதி அவருக்கு எட்டியிருக்கும், நம் ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டார். சோளம் அறுத்து முடித்த சமயம். சாவடி நிறைய ஆண்கள். பாய் சொன்னது அவர்கள் எல்லாருக்கும் தெரியும், தெரியும் என்பது ஏஜெண்டுக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் தோளில் தட்டினார். "அண்ணன் நல்ல வேலைக்காரன்ப்பா. தம்பியும் வா. அண்ணன் பக்கத்துலயே நிக்கலாம்."

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். மஞ்சள் தேய்த்துக் குளித்து, கல்யாணச் சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவுமாக வந்தீர்கள். பெண்கள் நிற்கும் ஓரத்தில் நிற்காமல் நேராக நடுவில் வந்து நின்றீர்கள்.

"எங்க வீட்டு ஆளு எப்படி இருக்காகங்க?"

"நல்லா இருக்காரு தாயி. போன வாரம்கூடச் சேதி வந்துச்சு."

நீங்கள் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றீர்கள்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். உங்கள் நெற்றியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். தைரியம் வந்துவிட்டது. "நல்லா இருக்காரு. சீக்கிரமே வந்துருவாரு."

பெரியப்பா எழுந்தார். உங்களைத் திட்டித் திட்டியே அந்த மாதங்களைக் கழித்த அதே பெரியப்பா. "ஏய்யா, அந்தப் பய செத்து எங்க வயிறெல்லாம் வெந்து கெடக்கு. தம்பியை அண்ணன் பக்கத்துல நிக்கச் சொல்றியே. எங்கய்யா நிக்கணும், தண்ணிக்குள்ளயா?" சொல்லிக்கொண்டே தம் மகனின் கையைப் பிடித்து இழுத்துத் தமக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

இளவட்டங்கள் ஏஜெண்டின் மேல் பாய்ந்தார்கள். நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். "யாரும் தொடாதீக. அடிச்சா, அடிபட்டவன்னு போயிருவாரு. சொல்லாம போகக் கூடாது."

ஏஜெண்டு உட்கார்ந்துவிட்டார். வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது கோட்டுக் கை மேலே ஏறியது. உள்ளே முழங்கை வரை பழைய நெருப்புத் தழும்பு. அவரும் ஒரு காலத்தில் கப்பலின் அடியில் நின்றவர்தான். "சொன்னா எவனும் வரமாட்டான் தாயி" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஆள் இல்லைன்னா கப்பல் நின்னுரும். மேல இருக்கிறவன் என் கழுத்தைப் புடிப்பான். நான் என்ன செய்ய?"

"உள்ளதைச் சொல்லிக் கூட்டிட்டுப் போனா அது ஆள் சேக்கிறது. மறைச்சுக் கூட்டிட்டுப் போனா அது ஆள் புடிக்கிறது. நீங்க எதைச் செய்றீக?"

அவர் கோட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டார். நீங்கள் அண்ணன் எழுதிய அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னீர்கள். இங்கிலீஷ் பெயர். உங்கள் வாயில் அது நம் ஊர்ப் பெயர் மாதிரி வந்தது. அதற்கு என்ன ஆனது என்று கேட்டீர்கள்.

"முங்கிருச்சு தாயி. உன் புருசன் வரமாட்டாரு."

நீங்கள் தலையிலிருந்து பூவை எடுத்து அவர் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தீர்கள். தாலியைக் கழற்ற வந்த பெண்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நீங்களே கழற்றினீர்கள். பிறகுதான் அழுதீர்கள். மாதக்கணக்கில் அடக்கி வைத்த அழுகை. அம்மா உங்களை மடியில் போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சேலையை நீங்கள் கட்டவே இல்லை. இருந்த சேலைகளையே கட்டினீர்கள். அதற்கும் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

மழை அடுத்த வருஷம் மறுபடியும் கைவிட்டது. வேறொரு ஏஜெண்டு வந்தார். ஊர்க்காரர்கள் அவரைச் சாவடியில் உட்காரவைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அனுப்பியது பெரியப்பா. ஏறும் முன்பே கப்பலின் பெயர் வீட்டுக்குத் தெரிய வேண்டும், ஏதாவது நடந்தால் ஏஜெண்டே நேரில் வந்து சொல்ல வேண்டும், சொல்லுகிற நாள்வரை சம்பளம் வீட்டுக்கு வர வேண்டும், திரும்பப் போகாதவனைக் காட்டி ஊரைத் தண்டிக்கக் கூடாது என்றீர்கள். சம்பளம் தம் கையில் இல்லை என்றார் அவர். "அப்ப ஆளும் எங்க கையில இல்லைங்க" என்று எழுந்துவிட்டீர்கள். அவர் வெறும் கையோடு போனார். அக்கம்பக்கத்து ஊர்களிலும் அதே பதிலைக் கேட்டு அலுத்துத் திரும்பி வந்து, எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னார்.

அந்தத் தடவை நானும் கிளம்பினேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நீங்கள் தடுக்கவில்லை. "கடலுக்குப் போறதை நான் என்னைக்கும் குத்தம் சொல்லல தம்பி. தெரிஞ்சு போ. அம்புட்டுத்தான்."

தெரிந்துதான் போனேன். ஒருமுறை பம்பாயில் எங்களுக்கு முன்னே போன கப்பல் ஒன்று திரும்பவில்லை. துறைமுகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சேதி அதில் போனவர்களின் வீடுகளுக்கு மட்டும் போகவில்லை. எங்களை அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். நாங்கள் மேல்தளத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். செத்தவர்களின் வீட்டுக்குச் சொல்லுங்கள், பிறகு பற்றவைக்கிறோம் என்றேன். எங்களோடு வேலை பார்த்த வடக்கத்திக்காரர்களுக்கும் வங்காளத்துக்காரர்களுக்கும் அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. போலீஸ் வந்து எங்களை லாக்கப்பில் போட்டது. எங்கள் இடத்துக்கு வேறு ஆள் தேடிப் பார்த்தார்கள். ஒருவனும் வரவில்லை. தந்திகள் போன பிறகுதான் எங்கள் கப்பலில் புகை எழுந்தது. அன்றைக்குப் பம்பாயில் பேசியது என் வாய். பேச்சு உங்களுடையது.

நீங்கள் காய்ச்சலில் படுத்ததும் எழாமல் போனதும் எனக்குத் தெரியாது. கரை இறங்கியபோது துறைமுக வாசலில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். வேறு கப்பலில் ஏற வந்தேன் என்று முதலில் சொன்னார். அவருக்கு அப்போது கப்பல் எதுவும் இல்லை. மதுரையிலிருந்து பம்பாய்வரை ரயிலில் உட்கார்ந்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வந்திருந்தார். சொல்லிவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

இப்போது நெருப்பின் முன்னால் நிற்க என் உடம்பு கேட்பதில்லை. கப்பலுக்கு ஆள் சேர்க்கும் வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப்பிள்ளைகள் என்னையும் ஏஜெண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் சுருக்கென்று இருந்தது. பழகிக்கொண்டேன். பசுமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் போன மாதம் சூடு தாங்காமல் கப்பலிலேயே இறந்துபோனான். ஒரு கார்டு போட்டால் போதும் என்றார்கள். நான் நேரில் போனேன். அவன் தாய் என்னைத் திட்டித் தீர்த்தாள். திட்டு முழுவதையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

மதுரைக் கப்பல் ஆபீஸில் இருப்பவருக்கு இது பிடிக்கவில்லை. நெருப்பு, தண்ணீர், சாவு என்று முதல் பேச்சிலேயே சொன்னால் எவன் வருவான் என்று நேற்று என்னிடம் குதித்தார். நான் சேர்த்தவர்களில் நடுவழியில் இறங்கி ஓடியவன் ஒருவனைக் காட்டுங்கள் என்றேன். அவரால் காட்ட முடியவில்லை. இப்படியே போனால் உன் இடத்தில் வேறு ஆளைப் போடவேண்டி வரும் என்றார்.

"தாராளமாப் போடுங்க" என்றேன். "ஆனா அவரும் வந்து எங்க ஊர்ச் சாவடியிலதான் உக்காரணும். அங்க இருக்கிறவங்க எங்க மதினியைப் பார்த்தவங்க."